பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

(விருத்தாசலத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியது)



வழக்கமாக இங்கே சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன கதையைச் சொல்லப் போகிறோம். படிக்கப் போகவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனோம். கடைசியில் படிச்சிட்டு வந்தது நாங்கதான்.

சுற்றுச்சூழல் பற்றி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம் கற்றுத்தர வேண்டும் என்று எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடர்ந்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2001-02இல் மத்திய அரசு பள்ளிகளில் தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. எங்கள் பகுதி அரசுப் பள்ளியிலும் இந்தப் பசுமைப் படை இருக்கிறது. அதன் பொறுப்பாசிரியர், "பாடத்தில் இருப்பதை நான் சொல்லிவிடுவேன். ஊரில் இருப்பதை நீங்கள் வந்து சொல்லுங்களேன்" என்று கேட்டார். சரி என்று நாலு பேர் கிளம்பினோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரே தயக்கம். ஓசோன், புவி வெப்பம் என்று பேச நமக்கு வராது. அதனால் நம்ம மணிமுத்தாற்றில் இருந்தே ஆரம்பித்தோம். சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னை இந்த ஆற்றில் போட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்ற கதை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். "அவர் பொன்னைப் போட்டார், பொன் கிடைச்சுது. நாம என்ன போடுறோம்?" என்று கேட்டோம். "சாக்கடை, பாலித்தீன் பை, கறிக்கடைக் கழிவு" என்று ஆளுக்கொன்றாகக் கத்தினார்கள். "அப்ப நமக்கு என்ன கிடைக்கும்?" என்றோம். வகுப்பே அமைதியாகிவிட்டது. ஆற்றில் போட்டது ஆற்றோடு போய்விடாது. மண்ணில் இறங்கி ஒருநாள் நம்ம கிணற்றுக்கும் போருக்கும் வரும் என்று விளக்கினோம். பரவாயில்லை, நல்லாத்தான் பேசுறோம் என்று எங்களுக்கே ஒரு பெருமை.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பொண்ணு எழுந்தாள். "நீங்க வேலை செய்யுற செராமிக் பட்டறையில வர்ற தூசி மாசு இல்லையா? எங்கம்மா ராத்திரியெல்லாம் இருமுறாங்களே?" என்று கேட்டாள்.

எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. எங்கள் குழுவில் பாதிப் பேர் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள். அகல் விளக்கு, பொம்மை, கப்பு, சாசர், பியூஸ் கேரியர் என்று நாம் செய்கிற பொருளால்தான் இந்த ஊருக்கே பேர். அந்த வேலையில்தான் அடுப்பு எரிகிறது. அதைப் போய் மாசு என்று எப்படிச் சொல்வது? "அடுத்த வாரம் வந்து பதில் சொல்றோம் பாப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் இதையே பொருளாக வைத்துப் பேசினோம். விவரம் தெரிந்தவர்களிடமும் மருத்துவரிடமும் கேட்டோம். அவர்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல் பொடியும் சேர்கிறது. இதில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை ஆபத்தில்லை. காய்ந்த சாமானைத் தேய்க்கும்போதும், மூட்டையைக் கொட்டும்போதும், தரையைப் பெருக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறக்கிறது. பெரிய தூசி மூக்கிலேயே நின்றுவிடும். இந்த நைசான தூசி நுரையீரலின் அடிவரைக்கும் போய்த் தங்கிவிடும். வருடக்கணக்கில் தங்கினால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதற்கு சிலிகோசிஸ் என்று பேர். முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க முடியும். இந்தத் தூசி உள்ளவர்களுக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். அதற்கு மருந்து உண்டு. அதனால் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அரசு மருத்துவமனைக்குப் போய் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பாருங்கள். மறக்காமல், "நான் பீங்கான் பட்டறையில் இத்தனை வருஷம் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

பிறகு வேலை செய்யும் இடத்தில் பேசினோம். "இத்தனை வருஷமா இல்லாத தூசி இப்பதான் வந்துச்சா?" என்று முதலாளி கோபப்பட்டார். நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. "காய்ந்த தரையைப் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்துவிடுகிறோம். சாமானை ஈர ஸ்பாஞ்சால் தேய்க்கிறோம். இதுக்கு உங்களுக்குச் செலவு ஒரு வாளி தண்ணீர்தான்" என்றோம். அதற்கு ஒத்துக்கொண்டார். தூசியைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. முந்தானையை மூக்கில் கட்டினால் இந்தத் தூசி நிற்காது என்பதால் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வேலைச் சேலையோடு வந்து பிள்ளையைத் தூக்குவதையும் விட்டுவிட்டோம்.

சொன்னபடி மறுபடியும் பள்ளிக்குப் போனோம். "ஆமாம் பாப்பா, அதுவும் மாசுதான். அதுக்காக வேலையை விட முடியாது. தூசியை விரட்ட முடியும்" என்று நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அன்றைக்குத்தான் பிள்ளைகள் எங்களை நம்பினார்கள்.

அதன்பின் பேச்சைக் குறைத்து, செய்து பார்க்க ஆரம்பித்தோம். வெள்ளை அட்டைகளில் வாசலின் தடவி வகுப்பறை, பஸ் போகும் ரோடு, பட்டறை வாசல், வீட்டுச் சமையலறை என்று பல இடத்தில் ஒருநாள் முழுக்கத் தொங்கவிட்டோம். மறுநாள் எல்லா அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பட்டறை வாசல் அட்டைதான் மோசமாக இருக்கும் என்று நினைத்தோம். அதைவிடக் கறுப்பாக இருந்தது ஒரு வீட்டுச் சமையலறை அட்டை!

விசாரித்தால், விறகு பற்றவில்லை என்று பால் கவரையும் பிளாஸ்டிக் பையையும் அடுப்பில் போட்டுக் கொளுத்துகிறோம். நம்மில் இதைச் செய்யாதவர் யார்? பிளாஸ்டிக்கை எரித்தால் விஷப் புகை வரும். அதிலும் பிவிசி போன்றதை எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும்; அது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. அந்தப் புகையை முதலில் குடிப்பது நாமும் நம் மடியில் இருக்கும் பிள்ளையும்தான். முதலாளியைக் கேள்வி கேட்ட நாங்கள், எங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் செய்தோம். ஒரு தொட்டி மண்ணில் வாழையிலை, காகிதம், பாலித்தீன் பை, உடைந்த பீங்கான் துண்டு நான்கையும் புதைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டினோம். இலையும் காகிதமும் மக்கிவிட்டன. பையும் பீங்கானும் அப்படியே இருந்தன. "பீங்கானும் மக்கலையே?" என்று பிள்ளைகள் விடுவார்களா! உண்மைதான். கீழடியில் 2,500 ஆண்டுக்கு முந்தைய பானை ஓடுகள் கிடைக்கின்றன அல்லவா? சுட்ட மண் அழியாது. அதனால் உடைந்ததை வாய்க்காலில் கொட்டாமல், சுடாததை நீரில் கரைத்துக் கலவையிலும், சுட்டதை அரைத்தும் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னோம். அதோடு, ஊறுகாய் போடப் பீங்கான் ஜாடி இருக்கும்போது பிளாஸ்டிக் டப்பா எதற்கு என்றும் கேட்டோம்!

படிக்காத நம்மால் என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். நம்ம கடலூர் மாவட்டத்திலேயே, சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004இல் பயிற்சி எடுத்து, வாளிக்குள் பை வைத்த எளிய கருவியால் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நேரம் என்ன நாற்றம் அடித்தது என்று எழுதியும் வைத்தார்கள். வெறும் புகாராக இருந்தது ஆதாரமாக மாறியது.

ஒவ்வொரு குழுவும் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

1. உங்கள் ஊர்ப் பள்ளியின் பசுமைப் படை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மாதம் ஒருநாள் இரண்டு பேர் போனால் போதும்.

2. பிள்ளைகளிடம் உங்கள் ஊர் ஏரி, குப்பைமேடு, பட்டறை பற்றிப் பேசுங்கள். அட்டைச் சோதனையைச் செய்து பாருங்கள்.

3. பிளாஸ்டிக்கை அடுப்பிலோ போகிக்கோ எரிப்பதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

4. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியது. குழுக் கூட்டத்துக்கே முதலில் எவர்சில்வர் டம்ளரும் துணிப்பையும் கொண்டுவருவோம்.

5. பட்டறை வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் எல்லோரும் ஒருமுறை மார்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பொண்ணின் அம்மாவை நாங்களே கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுத்தோம். இப்போது மருந்து சாப்பிடுகிறார். எங்கள் குழுக் கூட்டத்துக்கும் வருகிறார். அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ராத்திரி இருமிக்கொண்டே இருந்திருப்பாரோ!

பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதைவிட, நாம் செய்வதைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது தலைகுனியாமல் பதில் சொல்கிற அம்மாக்களாக இருப்போம் சகோதரிகளே.