பெயர் மறைத்த கிண்ணம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடிய அவையில் பீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கள்ளைப் பாடத் தயங்காத சங்கப் புலவர்களின் வழிவந்தோர் நீங்கள். முகம் சுளிக்கமாட்டீர்கள் என நம்புகிறேன். நான் பேச எடுத்துக்கொண்டது குடியை அன்று, சுவையை மதிப்பிடுதலை.

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்சில், ஹாப்ஸ் கொடிகள் விளையும் பொப்பரிங்கே நகரை அடுத்து இரண்டு சிற்றூர்கள் உள்ளன. ஒன்று வெஸ்ட்ஃப்ளேட்டரன். அங்குள்ள புனித சிக்ஸ்டஸ் மடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகள் '12' என்னும் கரிய ஏலை வடிக்கின்றனர். அதன் ஆல்கஹால் அளவு 10.2 விழுக்காடு. நெடுங்காலம் புட்டியில் பெயர்ச்சீட்டே கிடையாது. மூடியின் மஞ்சள் நிறமே அடையாளம். தொலைபேசியில் முன்பதிவு செய்து, மடத்து வாயிலுக்கே சென்று வாங்கவேண்டிய நிலையும் பல ஆண்டுகள் இருந்தது. 2005இல் சுவைஞர்கள் மதிப்பிட்ட பட்டியலொன்றில் உலகின் முதல் பீராக அது நின்றதும், வாயிலில் வண்டிகள் வரிசை கட்டின.

மற்றொன்று வாட்டூ. கவிஞர் குவி மாண்டெலிங்க் முன்னின்று பல்லாண்டுகள் 'கவிதைக் கோடை' நடத்திய ஊர் என்பதால், நமக்கு அது அயலூரன்று. 1946 முதல் 1992 வரை, மடத்தின் உரிமம் பெற்று மடத்தின் பீரை வடித்தது இவ்வூரின் செயின்ட் பெர்னார்டஸ் வடிசாலை. உரிமம் முடிந்தபின் தன் பெயரிலேயே 'ஆப்ட் 12' வடிக்கிறது, 10 விழுக்காடு. பழைய ஈஸ்ட் தன்னிடமே உள்ளது என்கிறது வாட்டூ. மடமோ இன்று வெஸ்ட்மாலே மடத்து ஈஸ்டைப் பயன்படுத்துகிறது. எது மூலம், எது படி? சுவடி பதிப்பித்தோர்க்கு இக்கேள்வி புதிதன்று.

இவ்வகை ஏலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அருந்தலாகாது. 12 பாகைக்கு வரும்வரை பொறுத்து, வாயகன்ற கிண்ணத்தில் மெல்லச் சரித்து, அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டல் கலங்காமல் நிறுத்தவேண்டும். நிறத்தைக் கண்டு பலர் ஏமாறுவர். கருக வறுத்த மால்ட்டில் வடித்த ஸ்டவுட் என எண்ணிக் காப்பிக் கசப்பைத் தேடுவர், அது இராது. இக்கருமையின் பெரும்பகுதி காய்ச்சிய சர்க்கரைப் பாகினால் வந்தது. அதைக் 'கண்டி' என்பார்கள். நம் கற்கண்டும் அச்சொல்லும் உறவுடையவை. சர்க்கரை ஏறத்தாழ முழுதும் நொதித்து ஆல்கஹாலாகிவிடுவதால் உடல் கனப்பதில்லை. உலர்திராட்சையும் அத்தியும் மணப்பது பெரிதும் ஈஸ்டின் கைவண்ணம். கிராம்பின் சாயலும் அதனுடையதே. இனிப்பாக மணந்து, வறண்டு முடியவேண்டும். வலிமை நெஞ்சைச் சுடாமல் கதகதப்பாகவே நிற்கவேண்டும். முடிவில் பாகு நாவில் ஒட்டினால் குறை. நகப்பூச்சு நெடி அடித்தால் பெருங்குறை. நனைந்த அட்டையின் வாடை, காற்றுப்பட்டுக் கெட்டதன் அடையாளம்.

அமெரிக்க பீர் நடுவர்களின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. நம் கண் அவ்வளவு நம்பும் தோற்றத்துக்கு 3 மட்டுமே. பெயருக்கு ஒன்றுமில்லை.

பல ஆண்டுகளாக மடத்துப் பீரே உயர்ந்தது என்று நான் நண்பர்களிடம் வாதாடி வந்தேன். பொறுமையிழந்த நண்பரொருவர் ஒரு மாலை மூன்று கிண்ணங்களை முன்வைத்தார். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது, வேறானதைச் சுட்டவேண்டும். சுட்டினேன், தவறு. முதற்கிண்ணத்துக்கு எப்போதும் சலுகை உண்டு, மூன்றாவதற்குள் நா சோர்ந்துவிடும் என்று வாதிட்டேன். வாதம் மெய்தான். ஆகவே வரிசையை மாற்றி, சிறு அளவாக ஊற்றி, வெவ்வேறு நாள்களில் மேலும் மூன்று முறை முயன்றோம். நான்கில் இரண்டு சரி. கண்ணை மூடிச் சுட்டியிருந்தாலும் மூன்றில் ஒன்று சரியாகியிருக்கும்!

இதைவிட என்னை நாணவைத்தவை என் குறிப்பேடுகள். பெயர் தெரிந்து அருந்திய நாள்களில் 'ஆழம்', 'மோனம்', 'துறவின் அமைதி' என்று எழுதியிருந்தேன். பெயர் மறைத்த மாலைகளில் எழுதியது: 'கருப்பட்டி, பேரீச்சை, கிராம்பு, முடிவில் மெல்லிய கைப்பு.' முன்னவை மடத்தைப் பற்றிய சொற்கள். பின்னவையே கிண்ணத்தைப் பற்றியவை. கவிதை மதிப்புரை எழுதும் நம்மவர் சிலரின் பத்திகளை அன்றிரவு நினைத்துக்கொண்டேன். என் பத்திகளும் அவற்றுள் அடக்கம்.

பெயர் வெறும் பொய் என்று நான் கூறவில்லை. துறவிகள் தம் மடம் வாழும் அளவுக்கே வடிக்கின்றனர் என அறிந்து அருந்துவதும் ஓர் இன்பமே. அதை மதிப்பெண் தாளில் சேர்க்கலாகாது, அவ்வளவே. அடுத்த மலருக்குக் கவிதை தேர்வோர், படிகளின் தலைப்பில் உள்ள பெயரை மடித்துவிட்டு வாசித்துப் பார்க்கட்டும். என் கவிதையிலிருந்தே தொடங்கலாம். தள்ளப்பட்டால் வருந்துவேன், வழக்காடமாட்டேன்.

ஐந்தாம் மாலைக்கு நாள் குறித்திருக்கிறோம். இம்முறை ஊற்றுவது நான், சுவைப்பவர் நண்பர்.