ஒரே கனவு, பல கைகள்



நம் குயிலாப்பாளையத்தை அடுத்து 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது, 124 நாடுகளின் மண் ஒரே தாழியில் இடப்பட்டது. அந்தச் சடங்கினால் மட்டும் இங்கே காடு வளர்ந்துவிடவில்லை. மழைநீர் செம்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோன பொட்டல் இது. வந்தவர்களும் நம் ஊராரும் சேர்ந்து வரப்புக் கட்டினார்கள், குழி தோண்டினார்கள், கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். அதன் பின்னரே நிழல் வந்தது.

பங்கின் கனவும் அப்படியே. குருக்களாகிய நாங்கள் பீடத்தில் நின்று திட்டத்தை வாசித்துவிட்டு, மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று குறைபட்டதுண்டு. உங்களைக் கேளாமல் வகுத்த திட்டம் எங்களுடையது. கூடிப் பேசி வகுப்பதே நம்முடையது. 1965-ல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையை இறைமக்கள் என்றழைத்ததும் இதை நினைவூட்டவே. முதலில் ஒருவருக்கொருவர் செவிமடுப்போம். பிறகு சேர்ந்தே மண்வெட்டி எடுப்போம்.