அவதூறு வழக்கில் உண்மையும் உள்நோக்கமும்

இன்று சட்டப் பட்டம் பெறும் இளைஞர்கள் நாளை கையில் எடுக்கப்போகும் வழக்குகளுள், எழுதுவோரையும் ஆள்வோரையும் எதிரெதிரே நிறுத்தும் அவதூறு வழக்கு தனிக் கவனத்துக்குரியது. ஏனெனில் எழுதியது உண்மையா என்னும் கேள்வியோடு அது முடிந்துவிடுவதில்லை.

1960 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி வேண்டி வெளியான முழுப்பக்க விளம்பரம், அலபாமாவின் மாண்ட்காமரி நகரக் காவல்துறையின் அடக்குமுறையைக் கண்டித்தபோது, நான்கு முறை கைதான கிங்கை ஏழு முறை கைதானவராகக் குறிப்பிட்டது. மாணவர்கள் பாடிய பாடலைப் பற்றிய குறிப்பிலும் தவறு இருந்தது. விளம்பரத்தில் பெயரே இடம்பெறாத நகர ஆணையர் சல்லிவன் வழக்குத் தொடுக்க, ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நீக்கி, பொதுப் பதவியில் இருப்பவர் தம் பணி பற்றிய கூற்றுக்காக இழப்பீடு பெற வேண்டுமாயின், அது பொய்யென்று அறிந்தே, அல்லது மெய்யா பொய்யா என்பதைச் சற்றும் பொருட்படுத்தாமல் வெளியிடப்பட்டது என்பதை நிறுவ வேண்டும் என்றது. சூடான விவாதத்தில் சிறு பிழைகள் நேர்ந்தே தீரும் என்பதை ஏற்ற இத்தீர்ப்பு, கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பதிவு செய்த ஏடுகளை இழப்பீட்டுச் சுமையால் முடக்கும் வழியை அடைத்தது.

அதன் தாக்கம் தமிழ்நாட்டையும் எட்டியது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது தொடர்பான ராஜகோபால் வழக்கில், 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் அரசு முன்கூட்டியே தடைவிதிக்க இயலாது என்றதோடு, அதிகாரிகளின் பணி சார்ந்த விமர்சனத்துக்கும் ஏறத்தாழ அதே அளவுகோலை ஏற்றது.

ஆயினும் இந்தியாவில் இந்த அளவுகோல் இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்கே பொருந்தும். குற்றவியலில், பழைய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், உண்மை என்னும் விதிவிலக்கைப் பெற, கூற்று உண்மையாக இருப்பதோடு பொதுநலனுக்காகவும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. இரண்டையும் மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. 2016இல் உச்ச நீதிமன்றம் குற்றவியல் அவதூறைச் செல்லும் என்று உறுதிசெய்த போதிலும், உண்மையை எழுதியவர் இரண்டாண்டுச் சிறை அச்சத்தோடு நீதிமன்றப் படியேறுவது கடுமையானதே. அவருக்குத் துணைநிற்கும் மற்றொரு விதிவிலக்கு நல்லெண்ணம். சட்டத்தில் அது மனத்தூய்மையை மட்டும் குறிக்காமல், தக்க கவனத்தோடும் அக்கறையோடும் செயல்பட்டதைக் குறிப்பதால், அவருடைய வழக்கறிஞர் முதலில் தேட வேண்டியவை, வெளியிடும் முன் சரிபார்த்த ஆவணங்களும் மறுதரப்பிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதங்களுமே.