பத்து மணி நேரத்துக்காகப் பதினான்கு ஆண்டுகள்



1842 மே மாதம் லண்டனில் அரசாங்க அறிக்கை ஒன்று வெளிவந்தது. வழக்கமாக அரசாங்க அறிக்கையை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? இதைப் பார்த்தார்கள். உள்ளே படங்கள் இருந்தன. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில், காற்றோட்டத்துக்காக வைத்த ஒரு மரக்கதவு. அதன் ஓரத்தில், கும்மிருட்டில், கையில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு குழந்தை. வயது ஐந்தோ ஆறோ! கரிவண்டி வரும் சத்தம் கேட்டால் கயிற்றை இழுக்க வேண்டும், வண்டி போனதும் விட வேண்டும். நாளெல்லாம் அதுதான் வேலை. இன்னொரு படத்தில், இடுப்பில் வார்ப்பட்டை, கால்களுக்கு நடுவே சங்கிலி, தவழ்ந்தபடியே கரித்தொட்டியை இழுத்துப் போகும் பெண்பிள்ளை.

இந்த அறிக்கைக்கு வழிவகுத்த விசாரணை வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் கேட்டு வாங்கியவர் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. ஆண்டனி ஆஷ்லி கூப்பர். பின்னாளில் ஏழாவது ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. 1801இல் பிறந்தவர். 1826இல் நாடாளுமன்றம் போனார். அவர் நின்ற உட்ஸ்டாக் தொகுதி, தாய்வழி உறவான மார்ல்பரோ கோமகன் குடும்பத்தின் கைக்குள் இருந்தது. வாக்குக் கேட்டு வீதிவீதியாக அலையாமலே வந்த பதவி.

அப்படிப்பட்டவருக்குக் கரிக்குழிப் பிள்ளைமேல் ஏன் மனம் போயிற்று? பெற்றோர் அவரை அன்பாக வளர்க்கவில்லை. வீட்டுப் பணியாளர் மரியா மில்லிஸ் என்ற அம்மையார்தான் மடியில் இருத்திப் பிரார்த்தனை சொல்லிக் கொடுத்தார். அவர் இறக்கும்போது விட்டுச்சென்ற கடிகாரத்தை, பிரபு கடைசிவரை அணிந்திருந்தார். அன்பில்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் தனிமை தெரியும் என்றே நான் நம்புகிறேன்.

சுரங்கச் சட்டம் அதே 1842இல் வந்தது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட சிறுவர்களை இறக்கக்கூடாது என்று அவர் கேட்டார். சுரங்க முதலாளிகள் நிறைந்த பிரபுக்கள் சபை அதைப் பத்தாக வெட்டியது. ஆனாலும் பெண்கள் யாரும் சுரங்கத்தின் அடியில் வேலை செய்யக்கூடாது என்று ஆனது.

பஞ்சாலையில் நாளுக்குப் பத்து மணி நேரமே வேலை என்ற கோரிக்கையை அதற்கும் முன்பே, 1833இல், கையில் எடுத்தார். தோற்றார், மறுபடி கொண்டுவந்தார், மறுபடி தோற்றார். 1846இல் என்ன செய்தார் தெரியுமா? தானிய இறக்குமதி வரியைக் காப்பேன் என்று சொல்லித்தான் டார்செட் தொகுதி மக்களிடம் வென்றிருந்தார். அந்தக் கருத்து மாறிவிட்டது. கருத்து மாறிய பிறகு அந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்று பதவியை விட்டு இறங்கிவிட்டார்! 1847இல் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியபோது அவர் சபையில் இல்லை. ஜான் ஃபீல்டன் என்ற ஆலை முதலாளிதான் அதை முடித்து வைத்தார்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். உழைப்பாளியின் பிள்ளைக்காக உருகியவர், அந்த உழைப்பாளிக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். தந்தையின் பண்ணையில் கூலிகள் இடிந்த குடிசைகளில் கிடந்ததை எதிரிகள் குத்திக்காட்டினார்கள். அதில் நியாயம் இருந்தது. 1851இல் சொத்து கைக்கு வந்ததும், கடன் வாங்கியாவது வீடு கட்டிக் கொடுத்தார். ஆனால் வாக்கு விஷயத்தில் அவர் மாறவேயில்லை. அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

நம் நாட்டு ஆலைப் பிள்ளைகளுக்காகவும் பிரபுக்கள் சபையில் பேசினார். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அதுவும் ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை ஆலைக்குள் விட்டது.

கடைசியாகப் புகைபோக்கிச் சிறுவர்கள். புகைக்கரி சுரண்டச் சிறுவர்களை உள்ளே ஏற்றக்கூடாது என்று 1840இலேயே சட்டம் உண்டு, 1864இல் இன்னொன்று. யாரும் மதிக்கவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைக்குழாயில் சிக்கி இறந்தான். எழுபதைத் தாண்டிய பிரபு மறுபடி எழுந்தார். இந்த முறை தண்டத்தொகையை மட்டும் நம்பவில்லை. புகைபோக்கி சுத்தம் செய்பவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத வைத்தார். பையனை உள்ளே ஏற்றினால் பிழைப்பே போய்விடும் என்று ஆனது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் இறங்கினார்கள்.