ஜான் டூனிஸ்: சிறுவர்களை நம்பிய எழுத்தாளர்

(பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பேஸ்பால் நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் அல்ல. ஆனாலும் அந்த ஆட்டத்தை வைத்துக் கதை எழுதிய ஜான் ஆர். டூனிஸ் என்னும் அமெரிக்கரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு எந்தக் கதையைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று நூலக அலமாரி முன் நின்று யோசிக்கும்போதெல்லாம் அவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

1889இல் பிறந்தவர், 1975இல் மறைந்தார். ஹார்வர்டில் படித்து, விளையாட்டுச் செய்தியாளராகப் பணியாற்றியவர். 1938இல் வந்த 'அயர்ன் டியூக்' நாவலைப் பெரியவர்களுக்காகத்தான் எழுதினார். பதிப்பாளர் அதைச் சிறுவர் நூலாக வெளியிட விரும்பியது அவருக்குப் பிடிக்கவில்லை. அதுவும் ஒருவகையில் நல்லதாயிற்று. சிறுவர்கள்தானே என்று உண்மையில் தண்ணீர் கலக்கும் பழக்கம் அவரிடம் கடைசிவரை வரவில்லை.

1940இல் வந்த 'த கிட் ஃப்ரம் டாம்கின்ஸ்வில்' கதையில் ராய் டக்கர் என்ற சிற்றூர் இளைஞன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் பந்து வீச வருகிறான். வெற்றி மேல் வெற்றி. திடீரென்று குளியலறையில் விழுந்து முழங்கையில் அடிபடுகிறது. பந்துவீச்சு அத்தோடு முடிந்தது. மூத்த வீரர் டேவ் லெனர்ட் துணை நிற்க, அவன் மட்டை பிடிக்கப் பழகி, வேறோர் இடத்தில் நின்று ஆடும் வீரனாகத் திரும்புகிறான்.

எனக்கு அதைவிட முக்கியமானது 1943இல் வந்த 'கீஸ்டோன் கிட்ஸ்'. அதே அணிக்கு ஜாக்கோ க்ளைன் என்ற யூத இளைஞன் கேட்சராக வருகிறான். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் நிற்கும் இடத்தில் நிற்பவர். அவனை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசுவது எதிரணி மட்டுமல்ல, சொந்த அணியினரும்தான். அணியின் இளம் மேலாளர் ஸ்பைக் ரஸ்ஸல் அதை எதிர்கொண்டாக வேண்டும். நாம் கைதட்டிக்கொண்டிருந்த வீரர்களின் வாயிலிருந்தே அந்தச் சொற்கள் வருகின்றன. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. உண்மையான டாட்ஜர்ஸ் அணிக்குக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

வகுப்பில் ஒரு பையனைச் சாதியையோ நிறத்தையோ சுட்டும் பட்டப்பெயரால் மற்றவர்கள் அழைக்கும்போது, அழைப்பவர்கள் பெரும்பாலும் நமக்குப் பிடித்த, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளாகவும் இருப்பார்கள். இது உங்களுக்குத் தெரியாததல்ல. கெட்டவன் ஒருவனைப் படைத்து, பழியை அவன் தலையில் போடும் நீதிக்கதை அங்கே உதவாது. டூனிஸ் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை.

குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்கிறார். பையன்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

ஆனால் ராய் டக்கரின் கதை முடிவில் பிரசங்கம் எதுவும் இல்லை. பந்தைப் பிடிக்க ஓடியவன் சுவரில் மோதி விழுகிறான். அணி வென்றுவிட்டது, அவனைத் தூக்கிச் செல்கிறார்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஆசிரியர் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் பிலிப் ராத் தம் 'அமெரிக்கன் பாஸ்டரல்' நாவலில், சிறு வயதில் இந்த நூலைப் படித்த ஒருவனின் நினைவாக இதை எழுதினார். அன்று படித்த பையன்களோ 1941இல் அடுத்த நூல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.