திறந்த கிணறும் திறந்த கணினியும்



ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க நம் முன்னோர்க்கு உரிமை இல்லாதிருந்தது. அவ்வுரிமைக்காகவே 1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு குளத்தில் இறங்கினார். கல்வியும் அவ்வாறே அடைக்கப்பட்ட கிணறுதான். இன்று கணினியிலும் அடைத்த கிணறு உண்டு, திறந்த கிணறும் உண்டு.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் திறந்த கிணறாகும். அதனை எவரும் பயன்படுத்தலாம், உள்ளமைப்பைக் கற்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. நாமோ அதனைத் திறந்தும் பார்த்தோமில்லை. தெரியாததைத் தொட அஞ்சினோம்.

அண்மையில் பொட்டிபுரத்தில், ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாயொருவரின் மகள், பழுதுற்ற பழைய மடிக்கணினியுடன் எம்மிடம் வந்தாள். லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்த்தோம். முதன்முறை திரை இருண்டே நின்றது. எந்தச் சாதனத்திலிருந்து தொடங்குவது என்னும் வரிசையை மாற்றியபின் இயங்கிற்று. அம்மாணவி தமிழ் 99 விசைப்பலகையில் தன் தாயின் பெயரைத் தட்டினாள். நிறுவுகையில் வட்டு முழுவதையும் அழிக்கும் தேர்வு ஒன்று உண்டு. கோப்புகளைப் படியெடுத்த பின்னரே அதனைத் தொட வேண்டும் என்பதையும் கற்றோம்.

ஐம்பதைக் கடந்த வயதில் மாணவராய் அமர்ந்ததில் எமக்கு நாணமில்லை. கிணறு திறந்திருந்தால் மட்டும் போதாது. கயிறும் வாளியும் வேண்டும். ஆதலின் சங்கம் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை இப்பயிற்சிக்கென ஒதுக்குமாறு வேண்டி அமைகின்றோம்.