குடியரசுத் தலைவரும் இல்லத் தலைவியும்



போர்க்காலத்து அமெரிக்கத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையும் துணைவியார் எலினாரையும் ஒருங்கே வைத்து டோரிஸ் கியர்ன்ஸ் குட்வின் அம்மையார் இயற்றிய வரலாற்று நூல் 1994-இல் வெளிவந்தது. 1943-இல் எலினார் தென் பசிபிக் தீவுகட்குச் சென்று காயமுற்ற வீரரைத் தேற்றினார். இத்தகையன அறிந்தாலன்றி அவ்வாட்சியின் வரலாறு நிரம்பாது.

நம் நாட்டில், வேலூர் ஊரிசுக் கல்லூரியில் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணனார் 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராய் விளங்கினார். 1962-இல் சீனப் போரும் 1965-இல் பாகிஸ்தான் போரும் அவர் காலத்தே நிகழ்ந்தன. ஆயின் அவர்தம் மனைவியார் சிவகாமு அம்மையார் 1956-லேயே மறைந்துவிட்டார். ஐந்து பெண்மக்களையும் ஒரு மகனையும் வளர்த்த அவரை இன்று நினைப்பவர் சிலரே. அம்மகனார், வரலாற்றாசிரியர் கோபால், 1989-இல் வெளியிட்ட தந்தையார் சரிதத்தில், அவர் புகழோடு, இல்லறத்தில் அவர் நெறி பிழைத்தமையையும் மறையாது எழுதினார். மைந்தர்க்கு அரிய செயல் அஃது!

நிற்க. தோல் மண்டியிலும் பதனிடும் சாலையிலும் உழைத்த பாட்டனார் பெயரை நாம் அறிவோம். அவர்தம் மனைவியார் பெயரை வினவின் விழிக்கின்றோம். இன்று ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போருள் பெண்டிரே மிகுதி. அவர்தம் கூலியால் கற்கும் பிள்ளைகள் எத்துணையர்! ஆதலின் குடும்ப வரலாறு எழுதப் புகுவோர் இருவர் பெயரையும் எழுதுக. குறையுளதேல் அதனையும் எழுதுக. பாட்டியார் உயிரோடிருக்கையிலேயே அருகமர்ந்து கேட்டு எழுதுக.